இந்தியா நடத்தியது இல்லையா?

'இந்தியா ஒரு உலகக் கோப்பை கால்பந்துகூட நடத்தியதில்லை' என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், அது தவறு. பெரியவர்கள் ஆடும் கோப்பை இங்கே வந்ததில்லை, சரி. ஆனால் 2017-இல் 17 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கான ஃபிஃபா உலகக் கோப்பை டெல்லி, கொல்கத்தா, கொச்சி, கோவா, குவாஹாட்டி, நவி மும்பை என்று ஆறு இடங்களில் நடந்தது. மொத்தம் 13 லட்சம் பேருக்கு மேல் மைதானத்துக்கே போய்ப் பார்த்தார்கள். கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் முதலில் இரண்டு கோல் போட்டும் இங்கிலாந்து 5-2 என்று ஜெயித்தது.

போட்டியை நடத்தும் நாடு என்பதால் நம் பையன்களுக்கு நேரடி இடம் கிடைத்தது. மூன்று ஆட்டத்திலும் தோல்விதான், ஆனாலும் கொலம்பியாவுக்கு எதிராக கார்னரில் வந்த பந்தை ஜீக்சன் சிங் தலையால் முட்டி உள்ளே தள்ளினாரே, ஃபிஃபா உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல் அது. வியாசர்பாடியில் எங்கள் தெருப் பிள்ளைகள் செருப்பை கோல்போஸ்டாக வைத்து அந்த ஹெட்டரை எத்தனை நாள் ஆடிப் பார்த்தார்கள் தெரியுமா?

அப்புறம் 2022-இல் பெண்களுக்கான 17 வயதுக்குட்பட்டோர் கோப்பையும் இங்கேதான். புவனேஸ்வர், கோவா, நவி மும்பை. சென்னைக்கு இரண்டு முறையும் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.