மேஸ்திரி மாமா பார்த்த ஹில் ஹவுஸ்

(2018 அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' பத்துப் பாகப் பேய்த் தொடர். முருகேசன் மாமா 35 வருடமாகக் கட்டட மேஸ்திரி, முழங்கால் வலியில் ஒரு வாரம் வீட்டில் கிடந்தவரிடம் இதைப் பாருங்கள் என்று சொன்னது தீபா தான். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இதோடு எழுந்து போய்விடலாம், மாமா எதையும் மறைத்துப் பேச மாட்டார்.)

தீபா: பத்துப் பாகமும் முடிச்சாச்சா மாமா? எப்படி இருந்தது?

மாமா: வீட்டைக் கேட்கிறாயா, கதையைக் கேட்கிறாயா?

தீபா: கதை தான்.

மாமா: கதை கிடக்கட்டும். அவ்வளவு பெரிய பங்களாவை வாங்குகிறவன் ஒரு தடவை சுவரைத் தட்டிப் பார்க்க மாட்டானா? 1992 கோடையில் பெண்டாட்டியையும் ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குடிவருகிறான், பழுது பார்த்து விற்று அந்தக் காசில் சொந்தமாக வீடு கட்டப் போகிறானாம். நல்ல யோசனை தான். ஆனால் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை.

தீபா: அது சாதாரணப் பூஞ்சை இல்லை மாமா, அந்த வீடே...

மாமா: பூஞ்சையில் என்னம்மா சாதாரணம், விசேஷம்? மேலே எங்கேயோ தண்ணீர் இறங்குகிறது, ஓதம் அடித்திருக்கிறது. உடைத்துப் பார்த்தால் உள்ளே எலும்புக்கூடு. நானும் எத்தனையோ சுவர் உடைத்திருக்கிறேன். பீடிக்கட்டு பார்த்திருக்கிறேன், ஒற்றைச் செருப்பு பார்த்திருக்கிறேன், ஒரு தடவை யாரோ சித்தாளின் டிபன் பாக்ஸ் மூடியோடு இருந்தது. முழு ஆள் இதுவரைக்கும் கிடைத்ததில்லை.

தீபா: பயமே வரவில்லையா?

மாமா: வாட்ச்மேன் டட்லியும் அவன் சம்சாரமும் இருட்டினால் இங்கே இருக்க மாட்டோம் என்று கிளம்பிவிடுகிறார்கள். வாட்ச்மேனே ராத்திரி தங்காத சைட்டில் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறானே, அதைப் பார்த்துத் தான் எனக்குப் பயம்.

தீபா: அந்தத் தொப்பிக்காரப் பேய்? சின்னப் பையன் லூக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்க, அது மிதந்து வருமே!

மாமா: நெட்டையன் தானே? தொப்பி அவனுடையது, எடுக்க வந்தான். கேட்காமல் எடுத்தவன் மேல் தப்பு. ஆனால் கால் தரையில் படவில்லை பார், அதை மட்டும் கவனித்தேன். அது கொஞ்சம் ஒரு மாதிரி தான்.

தீபா: ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது மாமா. அதில் அந்த வீட்டில் ஒரு கோணம்கூட நேராக இருக்காது. கட்டினவர் எல்லா மூலையையும் துளித்துளி தள்ளி, வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருப்பார்.

மாமா: வேண்டுமென்றா? மூலைமட்டம் வைக்காமல், தூக்குக்குண்டு போடாமல் கட்டிவிட்டு, வீட்டுக்காரன் கேட்டால் "அது டிசைன் சார்" என்று சொல்கிற பயல்களை எனக்குத் தெரியாதா?

தீபா: சரி விடுங்க. நாவலில் இந்தக் குடும்பமே கிடையாது, பேய் இருக்கிறதா என்று ஆராய வந்து தங்குகிறவர்கள் தான். பெயர்களையும் வீட்டையும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிவிட்டார்கள் என்று நாவல் படித்த நிறையப் பேருக்கு இன்னும் கோபம். எனக்கு அது உறுத்தவே இல்லை. ஐந்து பிள்ளைகளும் துக்கத்தின் ஐந்து நிலைகள் என்று சொல்கிறார்கள் தெரியுமா? மூத்தவன் ஸ்டீவன் நடந்ததையே மறுப்பவன், ஷெர்லி கோபம்...

மாமா: அப்போது நான் ஷெர்லி.

தீபா: அத்தையும் அதைத் தான் சொன்னாங்க. ஆறாவது பாகம் பார்த்தீங்களா? ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற பாகத்தை மொத்தமே 5 நீண்ட ஷாட்டில் எடுத்திருக்கிறார் இயக்குநர் மைக் ஃபிளானகன். அதில் ஒன்று 17 நிமிடத்துக்கு மேல், வெட்டே இல்லாமல்.

மாமா: அப்பா துக்க வீட்டில் நடந்துகொண்டே இருக்கிறான், திரும்பினால் பழைய பங்களாவுக்குள் நிற்கிறானே, அதுவா? அதெப்படி?

தீபா: இரண்டு செட்டையும் பக்கத்துப் பக்கத்தில் கட்டி, நடுவில் ஒரு நடை விட்டு இணைத்திருந்தார்கள்.

மாமா: (நிமிர்ந்து உட்கார்ந்து) இதை நீ முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! அந்தச் செட் போட்டவன் தான் ஆள். மற்றவர்களெல்லாம் சும்மா நடித்திருக்கிறார்கள்.

தீபா: எட்டாவது பாகத்தில் அக்கா ஷெர்லியும் தங்கை தியோவும் காரில் சண்டை போட்டுக்கொண்டே போவார்கள்...

மாமா: அதை விடு.

தீபா: பின்சீட்டிலிருந்து, செத்துப்போன கடைசித் தங்கை நெல் திடீரென்று கத்திக்கொண்டு வருவாளே? டம்ளர் பரண் வரைக்கும் போனதாக அத்தை சொன்னாங்க.

மாமா: முழங்கால் வலி, சட்டென்று இழுத்தது. அந்த நெல்லு பொண்ணை நினைத்தால் தான் மனசு ஆறவில்லை. சின்ன வயதிலிருந்து கழுத்து முறிந்த பொம்பளை ஒருத்தி வந்து வந்து பயமுறுத்துகிறாள், கடைசியில் பார்த்தால் அது அவளே தான். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

தீபா: நானும் அழுதேன் மாமா. ஆனால் கடைசிப் பாகம் தான் பிடிக்கவில்லை, பேய்க்கதையைக் கொண்டுபோய்க் குடும்பப் படமாக முடித்துவிட்டார்கள் என்று என் தோழிகள் திட்டினார்கள். எனக்கும் பாதி அப்படித் தான். ஆனால் சிவப்பு அறை விஷயம் பிரமாதம். யார் தள்ளியும் திறக்காத கதவு, பார்த்தால் அத்தனை நாளும் எல்லோரும் அதற்குள் தான் இருந்திருக்கிறார்கள். லூக்குக்கு அது மரவீடு, தியோவுக்கு நடன அறை, அம்மாவுக்குப் படிக்கிற அறை.

மாமா: அப்பனுக்கு?

தீபா: அவருக்கு மட்டும் எதுவும் இல்லை.

மாமா: இருக்காது. அவன் எங்கே உட்கார்ந்தான்? காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் மராமத்து. நானும் ஊர் முழுக்க எத்தனை பேருக்குத் தனி அறை கட்டிக் கொடுத்திருப்பேன்? என் வீட்டில் என் சட்டை ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது.

தீபா: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) மொத்தத்தில் பிடித்திருந்தது தானே?

மாமா: பிடித்தது. ஒரே குறை, மேற்பார்வை சரியில்லை. அவ்வளவு கூலி ஆட்களை வைத்துக்கொண்டு ஒருத்தனையும் வேலை வாங்கத் தெரியவில்லை.

தீபா: கூலி ஆட்களா? அங்கே ஏது ஆள்? அவரே தானே எல்லாம் செய்கிறார், கூடமாட டட்லி.

மாமா: என்னம்மா பார்த்தாய் நீ? பியானோ பக்கத்தில் ஒருத்தன். படிக்கட்டுக்கு அடியில் ஒருத்தி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், அசையவே மாட்டான். முன்னால் இவர்கள் முக்கியமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், பின்னால் இந்தப் பயல்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை. எரிச்சல் தாங்காமல் ஆஜர் புத்தகத்தில் குறித்தே வைத்தேன். 17 பேர். ஒருத்தன் கையிலும் கரண்டி இல்லை, சட்டி இல்லை.

தீபா: மாமா. அதெல்லாம் பேய்.

மாமா: எது?

தீபா: நீங்கள் எண்ணின ஆட்கள். பின்னணியில் யாரும் கவனிக்காத இடத்தில் பேய்களை நிறுத்தி வைத்திருக்கிறார் இயக்குநர். கதையில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அதைத் தேடுவதற்காகவே ஜனங்கள் இரண்டாவது தடவை பார்க்கிறார்கள். நான் மூன்று தடவை பார்த்து ஏழு தான் கண்டுபிடித்தேன்!

(கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.)

மாமா: பதினேழு பேருமா?

தீபா: பதினேழும்.

மாமா: சரி. ஒருத்தரும் சனிக்கிழமை சம்பளம் கேட்டு வந்து நிற்கவில்லை. அந்த வகையில் அவனுக்கு லாபம் தான்.

தீபா: உங்களுக்கு இப்போதும் பயம் வரவில்லையா?

மாமா: அதில்லைம்மா. நம்ம மாடி வேலை சைட்டில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒருத்தன் மூன்று நாளாகச் சும்மா நிற்கிறான். எந்த கொத்தனார் கூட வந்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. காசும் கேட்கவில்லை. முழங்கால் வலி வருவதற்கு முந்தின நாள்கூட அவனைத் தான் சத்தம் போட்டேன்.

தீபா: ஐயோ, அதற்கென்ன இப்போது?

மாமா: ஒன்றுமில்லை. நாளைக்குப் போனதும் முதல் வேலையாக அவன் கால் தரையில் படுகிறதா என்று பார்க்க வேண்டும்.