'பிரீச்சஸ் பைபிள்' அச்சுப் பிழையா?

1560-இல் ஜெனீவாவில் அச்சான ஆங்கில பைபிளில் அச்சுக்கோப்பவர் செய்த பிழையால் ஆதாமும் ஏவாளும் 'பிரீச்சஸ்' (முழங்கால் வரையிலான கால்சட்டை) போட்டுக்கொண்டார்கள், அதனால்தான் அதற்கு 'பிரீச்சஸ் பைபிள்' என்று பெயர் என ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அது சரியல்ல.

ஆதியாகமம் 3:7-இல் அந்தச் சொல் இருப்பது உண்மைதான். ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் தெரிந்தே போட்டது அது. 14-ஆம் நூற்றாண்டின் கையெழுத்து ஆங்கில மொழிபெயர்ப்பான விக்லிஃப் பைபிளிலும் அதே இடத்தில் 'பிரெச்சிஸ்' உண்டு. அச்சு இயந்திரமே இங்கிலாந்துக்கு வராத காலம் அது, பிழையை யார் தலையில் கட்டுவது? பழைய ஆங்கிலத்தில் அது இடுப்பையும் தொடையையும் மறைக்கும் துணி. முழங்காலோடு நிற்கும் கால்சட்டை என்ற பொருள் பிறகு வந்தது. 1611 கிங் ஜேம்ஸ் பதிப்பில் 'ஏப்ரன்ஸ்'. தமிழ் பைபிளில் 'அரைக்கச்சை', இதுவே பொருத்தம் என்பேன்.

உண்மையான அச்சுப்பிழை கிங் ஜேம்ஸ் பைபிளின் 1631 பதிப்பில் நடந்தது. விபசாரக் கட்டளையில் 'நாட்' (not) என்ற சொல் விட்டுப்போய், 'விபசாரம் செய்வாயாக' என்றாகி, அச்சிட்டவர்களுக்கு அபராதமே விழுந்தது. இரண்டையும் யாரோ குழப்பியிருக்கலாம்.

ஜெனீவா பைபிளின் ஸ்கேன் பிரதிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன, பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.