விக்ரம் விழுந்த கதையை முழுசாகச் சொல்லுங்கள்

சந்திரயான்-2 என்று பேச்செடுத்தாலே நம் குமரி மாவட்டத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, 2019 செப்டம்பர் 7 அன்று பிரதமரின் தோளில் சாய்ந்து அப்போதைய இஸ்ரோ தலைவர் சிவன் சார் அழுததுதான். சரக்கல்விளைக்காரர், நம்மூர் ஆள். மனசு வலிக்கத்தான் செய்யும். அதற்காக "அது ஃபெயிலியர், மூணாவதுதான் சக்சஸ்" என்று பிள்ளைகளிடம் ஒரே வரியில் முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சந்திரயான்-2இலிருந்து நிலவில் இறங்கப் போன கலம்தான் விக்ரம். தொடர்பு அறுபடும்வரை அது தகவல் அனுப்பிக்கொண்டேதான் இறங்கியது. எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க அதுதான் கைகொடுத்தது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தியிருக்கின்றன. படம் எடுப்பதற்காகக் கலம் ஆடாமல் இருக்க வேண்டிய கட்டம் அது. பிழையை உடனே திருத்த முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவிட்டது. அப்புறம் வேகமாகத் திரும்பிச் சரிசெய்யப் பார்த்தால், இவ்வளவுக்கு மேல் திரும்பக்கூடாது என்று மென்பொருளில் வரம்பு. இறங்க வேண்டிய இடமோ வெறும் 500 மீட்டருக்கு 500 மீட்டர். அதை எட்டிப் பிடிக்கப் போய் வேகம் கூடிவிட்டது.

இதை ஆராய்ந்த தேசிய அளவிலான குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? மேலக்காட்டுவிளை நாராயணன் சார், 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானவர். அழுதவரும் நம் மாவட்டம், ஏன் விழுந்தது என்று தோண்டியவரும் நம் மாவட்டம். முதலாவதை ஊரே பேசுகிறது, இரண்டாவதை யாரும் சொல்வதில்லை.

சந்திரயான்-3க்கு இறங்கும் பரப்பை 4 கிலோமீட்டர் நீளத்துக்கு விரித்தார்கள். கால்களை உறுதியாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், வேகத்தை அளக்க லேசர் கருவி வைத்தார்கள். இடத்தைத் துல்லியமாகப் படம்பிடித்துக் கொடுத்தது, நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த, "தோற்றுப்போன" சந்திரயான்-2இன் ஆர்பிட்டர்!

பிரிட்டனின் பீகிள்-2 கலத்தின் கதை வேறு மாதிரி. 2003இல் செவ்வாயில் இறங்கியது, ஒரு சத்தமும் இல்லை. 2015இல் வெளியான நாசா படங்களைப் பார்த்தால், பத்திரமாகத்தான் இறங்கியிருக்கிறது. சூரியத் தகடுகள் முழுசாக விரியாததால் ஆன்டெனா வெளியே வரவில்லை. நல்லபடியாக இறங்கி ஊமையாகிப்போன பீகிளைவிட, கீழே விழுந்தும் விவரம் சொன்ன விக்ரம் எனக்கு மேல். 2024இல் நிலவில் இறங்கிய ஜப்பானின் ஸ்லிம் கலம் தலைகுப்புறத்தான் நின்றது. ஆனால் குறித்த இடத்திலிருந்து சுமார் 55 மீட்டருக்குள்! அதையும் தோல்விக் கணக்கில் சேர்ப்போமா?

ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி தினம். ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், கேக் வெட்டுவதோடு நிறுத்தாமல் விக்ரமின் அந்தக் கடைசி நிமிடங்களைப் பலகையில் வரைந்து காட்டுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம், இஸ்ரோவின் எஞ்சின் சோதனை மையம் இருக்கிற மகேந்திரகிரியைத் தினமும் பார்த்து வளர்கிற பிள்ளைகள். "முதல்லயே ஏன் சார் பெரிய இடமா பாக்கல?" என்று ஒருத்தியாவது கேட்பாள்.