கதவு யாருக்கு எவ்வளவு திறந்திருக்கிறது?

உலகமயமாக்கல் நல்லதா கெட்டதா என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. அதன் பலனை அனுபவிக்காமல் ஒரு நாளும் கழிவதில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும் கைபேசியின் பாகங்கள் பல நாடுகளிலிருந்து வந்தவை. கடல் கடந்து போன பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பெற்றவர்களால் தினமும் பேச முடிகிறது. முன்பெல்லாம் ஒரு கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு 'எல்லாம் கெட்டுப்போச்சு' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

வெளியிலிருந்து எது வந்தாலும் பண்பாடு அழிந்துவிடும் என்ற பேச்சையும் என்னால் ஏற்க முடியவில்லை. உலகம் முழுக்கக் கணக்குப் போடும் எண்கள் இந்தியாவில் பிறந்து, அரபு அறிஞர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனவை. காகிதம் சீனாவிலிருந்து வந்தது. இன்று யாரும் அவற்றை அந்நியச் சரக்கு என்று ஒதுக்குவதில்லை. ஆனால் அவை ஊர் ஊராகப் பரவ நூற்றாண்டுகள் ஆயின. வந்ததைத் தன் போக்குக்கு மாற்றிக்கொள்ள மக்களுக்கு அவகாசம் இருந்தது.

அந்த அவகாசம்தான் இப்போது இல்லை. 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெரிய சரக்குப் பெட்டிகளோடு ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கன்டெய்னர் யுகம் அப்படித்தான் ஆரம்பித்தது. மூட்டை மூட்டையாக ஆட்கள் ஏற்றி இறக்கிய சரக்கைப் பெட்டியோடு தூக்கி வைக்க முடிந்ததும் கப்பல் செலவு அடியோடு குறைந்தது. ஒரு பொருளை எங்கே செய்தால் கூலி குறைவோ அங்கே செய்து, எங்கே வேண்டுமானாலும் விற்கலாம் என்றாகிவிட்டது.

இதில் என்னை உறுத்துவது தூரம். நாம் போட்டிருக்கும் சட்டையைத் தைத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்து 1,100-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். அந்த வங்கி ஊழியருக்குக் கிடைத்த ஒரு நாள் விடுப்பு தையல்காரருக்கு ஏன் கிடைக்கவில்லை? ஏற்றுமதிக்கான கெடு ஒரு பக்கம், இன்னும் மலிவாகக் கேட்கும் வாங்குபவர் ஒரு பக்கம். அந்த வாங்குபவர்களின் வரிசையில் நாமும் நிற்கிறோம் என்றே நினைக்கிறேன்.

அதே உலகத் தொடர்புதான் அந்தச் செய்தியை எல்லா வீடுகளுக்கும் கொண்டுபோனது என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுந்த கோபத்தில் சில வாரங்களிலேயே தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றைப் போட்டன. 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டன. மீறினால் சட்டப்படி கேட்க முடிகிற ஒப்பந்தம் அது. மனது வைத்தால் முடிகிறது. இத்தனை உயிர் போன பிறகுதானா என்பதுதான் என் ஆதங்கம்.

பண்பாட்டுக்கு வருகிறேன். எல்லா விமான நிலையங்களும் ஒரே மாதிரி இருப்பது எனக்குப் பெரிய கவலை இல்லை. மொழிதான் கவலை. உலகில் பேசப்படும் சுமார் 7,000 மொழிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் அழியும் நிலையில் இருக்கின்றன. யாரும் அவற்றைத் தடை செய்ய வேண்டியதில்லை. ஒரு குழந்தை தன் வீட்டு மொழியில் எதையோ தேடுகிறது, ஒன்றும் வரவில்லை. பெரிய மொழியில் தேடினால் கொட்டுகிறது. அப்புறம் அது வீட்டு மொழியில் ஏன் தேடப்போகிறது? பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. படிப்பும் வேலையும் எந்த மொழியில் கிடைக்கிறதோ அதில்தான் பிள்ளையைப் பழக்குவார்கள்.

2005-இல் யுனெஸ்கோவில் பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மையைக் காக்கும் உடன்படிக்கைக்கு 148 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. அமெரிக்காவும் இஸ்ரேலும் எதிர்த்தன. பாட்டையும் படத்தையும் வெறும் சரக்காகப் பார்க்கக் கூடாது, தங்கள் கலைகளைக் காக்க நாடுகளுக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். எனக்கு இது நூற்றுக்கு நூறு சரி. கதவைச் சாத்துவது வேறு, வீட்டுக்குள் இருப்பவருக்கும் உட்கார இடம் வைப்பது வேறு.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் தங்கள் மொழியைக் காக்க 1982-இல் 'மொழிக் கூடு' என்ற பெயரில் மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். குழந்தைகளோடு முழுக்க மாவோரி மொழியிலேயே பேசினார்கள். பாட்டி தாத்தாக்களும் வந்து பேசினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஹவாய்க்காரர்கள் அதைப் பார்த்துத் தங்கள் தீவுகளில் அதே போலத் தொடங்கினார்கள். ஒரு கடலோரத்தில் கண்டுபிடித்த வழி இன்னொரு கடலோரத்துக்கு இப்படிப் போய்ச் சேர்ந்ததும் உலகமயமாக்கல்தான். இந்த வகைப் போக்குவரத்து இன்னும் நிறைய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.