பால்கனி அறை இல்லாமலும் பனியாறு தெரியும்
அலாஸ்கா கப்பலில் பால்கனி அறை எடுத்தால்தான் பனியாறுகளைப் பார்க்க முடியும் என்று ஒரு பயணக் கட்டுரையில் இருப்பது சரியில்லை. நாங்கள் போன மூன்று முறையில் இரண்டு முறை ஜன்னலே இல்லாத உள் அறைதான். கிளேசியர் பே பூங்காவில் மார்ஜரி பனியாற்றின் எதிரே கப்பலை நிறுத்தி மெல்லத் திருப்புவார்கள். இரண்டு பக்கமும் காட்சி கிடைக்கும். கப்பலில் ஏறும் பூங்கா ரேஞ்சர்கள் ஒலிபெருக்கியில் சொல்லும் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு திறந்த மேல்தளத்தில் நிற்பதே சுகம். குல்லா அவசியம், ஜூலையில்கூட! பால்கனி எடுத்த ஒரே தடவை, அறை உயரத்தில், முன்கோடியில் அமைந்தது. வான்கூவர் தீவைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் மனைவிக்கு இரவெல்லாம் வாந்தி. ஆட்டம் குறைவு கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில்தான். அப்புறம், கப்பல் ஆட்டத்தால் வரும் குமட்டலுக்கு எப்போது மாத்திரை போடுவது என்று கேட்டவருக்கு: குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பெரிதாகப் பயனில்லை, முன்னதாகவே போட வேண்டும், எது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.