1,380 கிராம்

சனிக்கிழமை, குறைமாதத்தில் பிறந்த என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன பள்ளியில் நடந்ததை அன்றைக்கே எழுதியிருந்தேன். படித்தவர்களுக்குத் தெரியும், மறுபடி முழுக்கச் சொல்லப்போவதில்லை. அதன் கீழே வந்த பின்னூட்டங்களைப் படித்ததிலிருந்து இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில் மூன்று கேள்விகள். பிறந்தபோது எடை என்ன? எத்தனையாவது வாரத்தில் பிறந்தது? பிறந்தவுடன் அழுததா? நான் உண்மையைத்தான் நிரப்பினேன். 1,380 கிராம். 32 வாரம். உடனே அழவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைப் படித்தார். மாதங்களின் பெயரைச் சொல்லச் சொன்னால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். "ஓ, குறைமாசமா? அதான் இவ்வளவு மெதுவா இருக்கா. ஒரு ஐ.க்யூ டெஸ்ட் எடுத்துட்டு வந்துடுங்க மேடம்" என்றார். குழந்தையின் காதுபட. அதற்கப்புறம் அவள் பன்னிரண்டு மாதங்களையும் சொன்னாள், ஆனால் அதைக் கேட்க அங்கே யாரும் தயாராக இல்லை.

எனக்கு நன்றாகத் தெரிந்தவர்களே கீழே வந்து, "சொன்ன விதம் தப்பு, ஆனா அறிவியல் அப்படித்தானே சொல்லுது" என்று எழுதியிருக்கிறீர்கள். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. பிறந்த குழந்தையை அளந்து எழுதும் எண்கள், அந்தக் குழந்தைக்கு அந்த நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக எடுக்கப்படுபவை. ஐந்து வருடம் கழித்து அது எத்தனை புத்திசாலியாக இருக்கும் என்று பார்க்க யாரும் அவற்றை எடுக்கவில்லை.

பிறந்தவுடன் அழுததா என்று மருத்துவர்கள் எதற்காகப் பார்க்கிறார்கள் தெரியுமா? நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் வர்ஜீனியா அப்கார் என்று ஒரு மயக்கவியல் மருத்துவர் இருந்தார். பிரசவ அறையில் எல்லோர் கவனமும் தாயின்மேல் இருக்க, குழந்தையையும் உடனே ஒருவர் ஒழுங்காகப் பார்க்கவேண்டும் என்று 1952-ல் ஒரு முறையை உருவாக்கினார். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் விறைப்பு, தூண்டினால் முகம் சுளிக்கிறதா, உடம்பின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 10. முதல் நிமிடத்தில் ஒருமுறை, ஐந்தாம் நிமிடத்தில் ஒருமுறை. மதிப்பெண் குறைந்தால் குழந்தையை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்காதே, உடனே கவனி என்று அர்த்தம். என் மகளுக்கு முதல் நிமிடத்தில் 4, ஐந்தாம் நிமிடத்தில் 8. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஒரு சிஸ்டர் முகமூடியை வைத்து பையை அமுக்கி அவளுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த 4 என்றால் அந்த சிஸ்டரின் கைதான். இந்த மதிப்பெண்ணை வைத்து ஒரு தனிக் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கணிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

ஆய்வுகளை நான் படிக்கவில்லை என்று நினைத்துவிட்டீர்கள். ஐந்து வருடமாக வேறென்ன படித்தேன்? சராசரியில் வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். 2002-ல் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். குறைமாதத்தில் பிறந்து பள்ளி வயதுக்கு வந்த பிள்ளைகளின் சராசரி ஐ.க்யூ, நிறைமாதப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய 11 புள்ளி குறைவாக இருந்தது. அதை நான் படித்தபோது பாப்பாவுக்கு எட்டு மாதம். ராத்திரி இரண்டு மணி. படித்துவிட்டு அவள் தூங்குவதைப் பார்த்து அழுதேன். அப்புறம்தான் நிதானமாக மறுபடி படித்தேன். சராசரி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய பேச்சு. அந்தக் கூட்டத்தில் 80-ம் இருக்கும், 125-ம் இருக்கும். ஐப்பசியில் அடைமழை என்பார்கள். அதற்காக ஐப்பசி பன்னிரண்டாம் தேதி எங்கள் தெருவில் மழை பெய்தே தீரும் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. 20 மாதத்தில் சோதித்தபோது 39 சதவீதம் பிள்ளைகள், அறிவு வளர்ச்சி குறைவு என்று கருதப்படும் 70 புள்ளிக்குக் கீழே. எட்டு வயதில் பார்த்தபோது அது 16 சதவீதமாகக் குறைந்துவிட்டது. சின்ன வயதில் எடுக்கும் சோதனை பின்னால் வரப்போவதைச் சரியாகக் காட்டுவதில்லை என்று அந்த ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். இரண்டு வயதுக் குழந்தையை உட்காரவைத்து நேரில் சோதித்தே இந்த நிலை. இவர்கள் பிறந்த எடையை மட்டும் பார்த்து முடிவு சொல்கிறார்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம், ஏன் இப்படிப் பெரிதுபடுத்துகிறாய் என்று கேட்டவர்களுக்கு விவியன் என்ற குழந்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1924-ல் பிறந்தவள். அவள் தாய் கேரி பக், பதினேழு வயதுப் பெண். வளர்த்த வீட்டாரின் உறவுக்காரன் ஒருவனால் கெடுக்கப்பட்டுக் கர்ப்பமானவள். வீட்டுக்காரர்கள் அவளைப் புத்தி குறைந்தவள் என்று சொல்லி ஒரு காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அம்மா ஏற்கெனவே அங்கேதான் இருந்தாள். புத்தி குறைந்தவர்கள் பிள்ளை பெறக் கூடாது என்று கருத்தடை செய்ய அந்த மாநிலம் சட்டம் போட்டிருந்தது. கேரியை வைத்து அதைக் கோர்ட்டில் நிலைநாட்டப் பார்த்தார்கள். குறை வம்சத்தில் ஓடுகிறது என்று காட்ட மூன்றாவது தலைமுறை தேவைப்பட்டது. கிட்டத்தட்ட ஏழு மாதக் குழந்தையைப் பார்த்த ஒரு சமூகப் பணியாளர், அதன் பார்வை அவ்வளவு இயல்பாக இல்லை என்று சாட்சி சொன்னார். ஏழு மாதக் குழந்தையின் பார்வை! 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்பளித்தது. நீதிபதி ஹோம்ஸ், மூன்று தலைமுறை மடையர்கள் போதும் என்று எழுதினார். கேரிக்கு அறுவை நடந்தது. இப்படிப்பட்ட சட்டங்களின் பேரில் அந்த நாட்டில் 60,000 பேருக்கும் மேல் கருத்தடை செய்யப்பட்டார்கள்.

விவியன் பள்ளிக்குப் போனாள். 1931-ல் நன்றாகப் படித்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. 1932-ல், எட்டு வயதில், நோய் வந்து இறந்துபோனாள். அந்தப் பட்டியலை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

"அதுக்கும் ஒரு ஸ்கூல் ஃபாரத்துக்கும் என்னம்மா சம்பந்தம்" என்று கேட்பீர்கள். குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே முடிவு எடுத்துவிடுகிறார்கள், அதுதான் சம்பந்தம். ஐ.க்யூ சோதனைக்கு வழிபோட்ட பினே, சிமோன் என்ற இருவரும் 1905-ல் பாரிஸில் அதை உருவாக்கியது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவுவதற்காக. அறிவு பிறவியிலேயே வரையறுக்கப்பட்டது, அதைக் கூட்ட முடியாது என்று பேசியவர்களை பினே கோபமாகவே எதிர்த்திருக்கிறார். உதவிக்கென்று வந்த கருவியை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பப் பயன்படுத்தினால் நான் கோபப்படக் கூடாதா?

பள்ளிக்குத் தெரிந்தால்தானே கூடுதல் கவனம் கொடுக்க முடியும் என்றும் சிலர். கூடுதல் கவனம் கொடுப்பவர்கள், என்ன உதவி வேண்டும் என்று கேட்பார்கள். இவர்கள் கேட்டது அது இல்லை. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

பிறந்த குழந்தைக்கும் புத்திக்கும் உண்மையான சம்பந்தம் இருக்கும் ஒரு சோதனை உண்டு. யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம். தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை என்று அதில் தெரிந்தால், முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்துவிட்டால் குழந்தையின் மூளை பெரும்பாலும் தப்பிவிடும். விட்டுவிட்டால் பிறகு மீட்கவே முடியாது. மாத்திரை விலையும் குறைவுதான். இப்படிக் காகிதத்தில் ரத்தத்தை உலர்த்திச் சோதிக்கும் முறையை அறுபதுகளின் தொடக்கத்தில் வேறொரு பிறவி நோய்க்காக உருவாக்கியவர் ராபர்ட் கத்ரி. அவருக்கு அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு மகன் இருந்தான். நம் நாட்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை இன்னும் நடப்பதில்லை. கர்ப்பமாக இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

"நீ உணர்ச்சிவசப்படுறே" என்று என் சித்தி மகனே எழுதியிருக்கிறான். ஆமாம், படுகிறேன். பாப்பா 34 நாள் என்.ஐ.சி.யூவில், அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். முதலில் மூக்கு வழியாகக் குழாயில் பால், அப்புறம் பாலாடையில். ஒரு பாலாடைப் பால் உள்ளே போக முக்கால் மணி நேரம். கொஞ்சம் தேறியதும் சிஸ்டர் அவளைத் துணியில்லாமல் என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அதைக் கங்காரு பராமரிப்பு என்பார்கள். கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் 1978-ல், இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்த முறை. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே இப்படித் தாயோடு சேர்த்து வைத்தால் இறப்பு கால்பங்கு குறைகிறது என்று இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து நடத்திய ஆய்வில் 2021-ல் தெரிந்தது. இதுவும் பிறந்த குழந்தைகளைப் பற்றிய அறிவியல்தான். இதை யாரும் எனக்குப் பின்னூட்டத்தில் அனுப்பவில்லை.

அந்த நாட்களில் வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, "எட்டாம் மாசக் குழந்தை தங்காது" என்றார். தங்கிய பிறகு, "நீ சரியாச் சாப்பிட்டிருந்தா புள்ள மூளை நல்லா இருந்திருக்கும்" என்றார். எனக்கு ரத்த அழுத்தம் ஏறி அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை அது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம். அப்போது வயிற்றில் இருந்த ஆண் பிள்ளைகளுக்குப் பத்தொன்பது வயதில் ராணுவத்துக்காக நடந்த அறிவுச் சோதனையை எடுத்துப் பார்த்தார்கள். பஞ்சத்தால் மதிப்பெண் குறைந்ததாகத் தெரியவில்லை. 1972-ல் வெளியான ஆய்வு இது. கர்ப்பிணிகள் பட்டினி கிடக்கலாம் என்று சொல்ல வரவில்லை, அந்தப் பஞ்சம் பலருடைய உடம்பை வேறு விதங்களில் பாதித்தது. ஆனால் இதை முன்பே படித்திருந்தால் அந்தப் பெரியம்மாவிடம் சொல்லியிருப்பேன். அன்றைக்கு எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். சனிக்கிழமையும் அப்படியேதான் குனிந்துகொண்டேன். அதுதான் ரொம்ப வலிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பெண் கெட்டிக்காரி என்று நிரூபிக்க நான் இதை எழுதவில்லை. நாளைக்கு அவளுக்குச் சோதனை எடுத்து 70 வந்தாலும் அவள் படிக்கவேண்டிய பிள்ளைதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ எந்தத் தேர்வுச் சோதனைக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். இதுவும் எனக்குச் சனிக்கிழமை தெரியாது.

ஆட்டோவில் திரும்பி வரும்போது, "குறைமாசம்னா என்னம்மா?" என்று கேட்டாள். அவசரப்பட்டு வந்துட்டேன்னு அர்த்தம் என்றேன். "அப்ப நான் மெதுவா இல்லியே" என்றாள்.

படிவத்தைப் புதன்கிழமை திருப்பிக் கொடுக்கவேண்டும். அந்த மூன்று கேள்விகளுக்கும் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் 13-ஆம் பிரிவு என்று எழுதியிருக்கிறேன். வேண்டாம், இடம் போய்விடும் என்கிறார் வீட்டுக்காரர். போனால் வேறு பள்ளி பார்க்கிறோம்.