சாதனை: ______________

பையன் தொடக்கநிலை நாலு. போன மாசம் பள்ளியில் ஒரு தாள் கொடுத்து, வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரைப் பேட்டி எடுத்து வரச் சொன்னார்கள். பெயர், செய்த வேலை, பதவி, சாதனை. நாலே கோடு.

முதலில் தாத்தாவிடம் போனான். இதற்காகவே காத்திருந்த மாதிரி என் அப்பா ஆரம்பித்துவிட்டார். 1974, சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகம், முதலில் லாஷிங் (கப்பலில் கன்டெய்னர்களை இறுக்கிக் கட்டுவது), அப்புறம் கிரேன், அப்புறம் சூப்பர்வைசர். என் கல்யாணம், அண்ணன் டெங்கியில் படுத்தது எதுவும் அதில் வரவில்லை. தாளின் பின்பக்கமும் நிறைந்தது.

பாட்டியிடம் போனான். "எனக்கென்னடா இருக்கு? தாத்தாவையே எழுதிக்கோ."

அப்போதுதான் மேரி கெர்கன் ஞாபகம் வந்தது. 2020இல் காலமான அமெரிக்கச் சமூக உளவியலாளர். பிரபலங்களின் சுயசரிதைகளை வைத்துக்கொண்டு, ஆண் தன் கதையை எப்படிச் சொல்கிறான், பெண் எப்படிச் சொல்கிறாள் என்று பார்த்தவர். ஆண்களின் கதையில் ஓர் இலக்கு, தடைகள், கடைசியில் வெற்றி. கிறைஸ்லர் கார் நிறுவனத் தலைவராக இருந்த லீ அயகோக்கா மனைவியின் நோயைப் பற்றிச் சொன்னாலும் பின்னாலேயே அவருடைய வேலை நெருக்கடி வந்து நிற்கும். பெண்களின் கதையில் தொழிலும் இருக்கும். அம்மா, பிள்ளை, உடம்பு, சிநேகிதி எல்லாம் நடுவில் புகுந்துகொண்டே இருப்பார்கள். பெண்ணின் பிறவிக் குணம் அது என்று கெர்கன் சொல்லவில்லை. கதை சொல்ல சமூகம் கையில் கொடுக்கும் அச்சு அப்படி என்றார். மகன் கையிலிருந்த தாளும் அப்படி ஓர் அச்சுதானே?

1990இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே, பெண் நாற்பதில் முடிந்துபோனவள் என்கிற பொருளில் இருக்கும். கல்யாணம், பேறுகாலம், மாதவிடாய் நிற்பது; இதற்கு மேல் அவளிடம் பார்க்க ஒன்றுமில்லை என்பதுபோல் உளவியல் நடந்துகொள்வதைக் கேள்வி கேட்ட கட்டுரை. அவரே முனைவர் பட்டம் வாங்கியது 1980இல், நாற்பதைத் தாண்டித்தான். (எனக்கு இப்போது 42. கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.)

முதுமை வெறும் தேய்மானம் இல்லை, அப்படி நினைப்பதே சமூகம் கட்டிய கதை என்று கணவர் கென்னத்தோடு சேர்ந்து பல வருஷம் எழுதினார். இதில் எனக்குச் சின்ன சண்டை உண்டு. அம்மாவின் முட்டிவலியை எந்தச் சமூகமும் கட்டவில்லை, மாடிப்படி ஏறினால் தெரியும். ஆனால் "முட்டி வலிக்குது, இனிமே நமக்கெதுக்கு நீச்சல் வகுப்பு" என்பதில் பின்பாதி நாங்கள் சொல்லிக் கொடுத்தது.

ரெண்டு நாள் கழித்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா கேட்டான், "பாட்டி, சின்ன வயசுல என்ன பண்ணீங்க?" கோடு இல்லை, தாள் இல்லை. 1973, பத்தொன்பது வயசு, எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. "மூச்சு விட்டாக்கூட கை ஆடிடும்டா. பக்கத்து சீட்டு மலாய்க்காரப் பொண்ணுதான் எனக்கு நாசி லெமாக் சமைக்கக் கத்துக்கொடுத்தா. லைன்லயே என்னுதுலதான் ரிஜெக்ட் கம்மி." சொல்லும்போது ரெண்டு விரல் காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. நான் பிறந்ததும் 1983இல் நின்றுவிட்டார். நாற்பது வருஷமாக இது எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு, பன்னிரண்டு வயது வரை பிள்ளையைத் தாத்தா பாட்டி பார்த்துக்கொண்டால் 3,000 வெள்ளி வரிக்கழிவு உண்டு. அம்மாவைக் காட்டி வருஷா வருஷம் நான் வாங்குகிறேன். வரிப் படிவத்தில் அம்மா எனக்கு ஒரு கழிவு. பள்ளித் தாளில் ஒரு காலிக் கோடு. 2026 ஜூலையிலிருந்து ஓய்வு வயது 64. எழுபத்தொரு வயசு அம்மா தினமும் ஒன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கிறார். அதற்கு வயசு வரம்பு யாரும் போடவில்லை, நானும்தான்.

பையன் இன்னொரு தாள் கேட்டு வாங்கி வந்தான். 'சாதனை' கோட்டில் "ரிஜெக்ட் கம்மி" என்று எழுதினான். ஆசிரியர் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். அம்மாவிடம் காட்டினேன். "அந்த டீச்சரை வரச் சொல்லு, நான் விளக்குறேன்" என்கிறார்.